பன்னிரண்டு பிளாப்பிகளும் இருநூற்று நாற்பத்து மூன்று நாட்களும்

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேனேஜரைத் திட்டப்போகிறேன், மெட்ராசிலிருந்து வந்த இன்ஜினியரைத் திட்டப்போகிறேன், லேபர் ஆபீசரையும் விடப்போவதில்லை. இத்தனை பேரையும் வரிசையாகத் திட்டிவிட்டு என் முறை வரும்போது நழுவிவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எண்பதுகளின் பின்பாதியில், வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு தகர டப்பா கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க். புதுச்சேரியில் தொழிற்சாலை போட்டால் வரியில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்ட வெளியூர் முதலாளிகள், நேற்றுவரை மணிலாக்கொட்டை விளைந்த நிலத்தில் ஷெட் போட்டுக்கொண்டிருந்த காலம். பிஸ்கட்டுக்கும் பெயிண்டுக்கும் நாங்கள் டப்பா செய்தோம். உள்ளே போடும் சரக்கு வேறெங்கோ தயாரானது. எங்கள் பங்கு காலி டப்பா மட்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை டப்பா கம்பெனியில் இருக்கிறார் என்று சொன்னதும் ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனத்தை நான் மூன்று வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மெட்ராசில் ஏதோ கண்காட்சியில் பார்த்து மயங்கி மேனேஜர் வாங்கியது. அதற்கென்று ஒரு கண்ணாடி அறை, ஒரு ஏசி, வாசலில் செருப்பு விட ஒரு பலகை. கூட வந்த தடித்த கையேட்டை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சரித்திரத்தில் பி.ஏ., ரஷ்ய நாவல்கள், இருமல் மருந்து பாட்டிலின் லேபிள் எல்லாம் எனக்கு ஒன்றுதான். "படிச்சவர்தானே, நீங்களே பார்த்துக்குங்க" என்று மேனேஜர் அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இப்படித்தான் நான் நிபுணன் ஆனேன்.

தொழிலாளிகளின் வருகைதான் அதில் ஏற்றப்பட்ட முக்கியமான விஷயம். அதுவரை தலைமைக் கிளார்க் ஒருவர் பெரிய மஸ்டர் ரோலில் பச்சை மையால் எழுதிவந்தார். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை அவர் பென்சிலால் செய்வார். ஒரு வருஷத்துக்குள் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்த தற்காலிகத் தொழிலாளியை நினைத்தபடி நிறுத்திவிட முடியாது, அவர் நிரந்தரம் கேட்கலாம் என்பது எங்கள் ஷெட்டில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம். ஆகவே இருநூற்று முப்பதை நெருங்கும் பெயர்களைத் தலைமைக் கிளார்க் பென்சிலால் வட்டமிட்டு மேனேஜரிடம் கொடுப்பார். மறுநாள் அந்த ஆளுக்கு 'பிரேக்'. பதினைந்து நாள் வீட்டில் இரு, பிறகு வா, புது நம்பர் தருகிறோம், ஒன்றிலிருந்து எண்ணிக்கொள்.

தலைமைக் கிளார்க் ஓய்வு பெற்றுப் போனார், பென்சிலும் அவரோடு போயிற்று. மஸ்டர் ரோல் நின்றது. காலையில் ஃபோர்மேன் அனுப்பும் பெயர்ச் சீட்டைப் பார்த்து நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். வாரக் கடைசியில் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. காகிதமே இல்லாத ஆபீஸ் என்று அவர் அந்தக் கண்காட்சியில் கேட்டுவிட்டு வந்திருந்தார். பென்சில் வட்டத்தைப் பற்றி யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதுபாட்டுக்கு நாட்களைக் கூட்டிக்கொண்டே போயிற்று. அந்தக் கம்பெனியின் வரலாற்றில் அதுதான் முதல் நேர்மையான ஊழியர்.

பேக்கிங் பகுதியில் ஒரு பெண் இருந்தார். வில்லியனூரை ஒட்டிய ஒரு மாதா கோயில் கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார். நிரந்தரம் ஆனால் கம்பெனியின் வைத்திய வசதி கணவருக்கும் கிடைக்கும். அதைவிட, பதினைந்து நாள் பிரேக் என்று ஒருவரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஏற்கெனவே இரண்டு முறை அவருக்குப் பென்சில் வட்டம் விழுந்திருந்தது. ஆயுத பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, செருப்பைப் பலகையில் விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து நின்றார்.

"சார், எனுக்கு எத்தினி நாளு ஆவுது? மிஷின் இன்னா சொல்லுது?"

பார்த்தேன். இருநூற்று நாற்பத்து மூன்று. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் கோயில் காலண்டரில் தினமும் கோடு போட்டு வைத்திருப்பதாகவும் அதிலும் அதே எண்ணிக்கைதான் வருகிறதென்றும் சொன்னார். என்னைச் சோதித்துப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறார். பிறகு, அதை ஒரு காகிதத்தில் அடித்துக் கொடுக்க முடியுமா என்றார்.

கொடுத்திருக்கலாம். பிரிண்டரில் ரிப்பன் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். என் கையால் மங்கலான ஒரு காகிதம் வெளியே போவதா? "ரெண்டு நாள் பொறும்மா. பூசை முடியட்டும், புது ரிப்பன் போட்டு நல்லாத் தெளிவா எடுத்துத் தரேன்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி மெட்ராஸ் இன்ஜினியர். மிஷினை நிறுவ வந்தபோது அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட மிஷினைப் போடக் கூடாது, டிஸ்க் போய்விடும். இரண்டு, தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் பிளாப்பியில் நகல் எடுக்க வேண்டும். மூன்று செட், ஒரு செட்டுக்கு நாலு பிளாப்பி. ஒரு செட்டாவது கம்பெனிக்கு வெளியே இருக்க வேண்டும். தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், திருடன் வந்தால் என்று ஒரு பட்டியலே ஒப்பித்தார். சாமி கும்பிட்டால் என்று ஒன்றை அவர் சொல்லவில்லை. அதுதான் அவர் மேல் என் கோபம். நியாயமில்லாத கோபம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டெபிலைசரை இரண்டாம் மாதமே மேனேஜர் தன் குவார்ட்டர்சுக்கு எடுத்துப்போனார். அங்கே ஃபிரிட்ஜுக்கு வோல்டேஜ் குறைகிறதாம். நான் எழுத்து மூலமாக ஆட்சேபித்திருக்க வேண்டும். "சரி சார்" என்று வாய்மூலமாக ஒத்துக்கொண்டேன். இரண்டாவது விதியை மட்டும் நான் மீறவே இல்லை. தினமும் நகல் எடுத்தேன். மூன்றாவது செட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டு பீரோவில், வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். முறை வரும்போது கொண்டுவந்து புதுப்பித்துக்கொண்டு போவேன். கம்பெனி எரிந்து சாம்பலானாலும் நூற்றுச் சொச்சம் பேரின் உழைப்பு என் வேட்டிக்கு அடியில் உயிரோடு இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஷெட்டில் அது சாதாரண விஷயமில்லை. பிரஸ் மிஷினிலிருந்து வாசற்காரரின் சைக்கிள் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். ஒரு ஸ்பேனருக்கு வைத்துவிட்டு அதன் ஜோடி ஸ்பேனரை விட்டால், விட்டுப்போனது வருஷம் முழுக்கக் கையைக் கடிக்கும் என்பார்கள். மாதா கோயில் கிராமத்து ஆட்களும் தங்கள் தங்கள் மிஷினைத் தாங்களேதான் துடைப்பார்கள். பொட்டு வைக்கும்போது மட்டும் ஒரு அடி தள்ளி நிற்பார்கள், பொரி கொடுக்கும்போது ஒரு அடி முன்னால் வருவார்கள்.

சாமியே கிடையாது என்று வாதம் செய்கிற ஜாதி நான். டீக்கடையில் அதற்கு எனக்கு ஒரு பெயரே உண்டு. அப்படிப்பட்டவன் அன்று காலை பீரோவைத் திறந்து மூன்றாவது செட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஏன் என்று கேட்டால், எட்டுக்குப் பொட்டு வைத்து நாலை மட்டும் வீட்டில் விட்டுவைக்க மனசு வரவில்லை. இதுதான் காரணம். இவ்வளவு படித்தும் வேறு காரணம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு பிளாப்பியையும் மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து அடுக்கினேன், அவற்றின் காகித உறையோடு. உறைமேல் பொட்டு வைக்கப் போனபோது ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர். முப்பது வருஷமாக இரும்போடு பழகியவர்.

"இன்னா சார், உறை மேல வெக்கிற? அப்ப பூசை உறைக்குத்தான். உள்ள கீற சாமானுக்கு இன்னா பண்ணுவ?"

அவர் சொன்னதில் ஒரு தர்க்கம் இருந்தது. தர்க்கம் என்றால் எனக்குப் பலவீனம். பன்னிரண்டையும் உறையிலிருந்து உருவினேன். கறுப்புச் சதுரத்தில், அந்த நீள்வட்டத் திறப்பைத் தவிர்த்து, மூலையில்தான் பொட்டு வைத்தேன். அவ்வளவு அறிவு இருந்தது. ஆனால் அரைத்த சந்தனம் தண்ணீராக இருந்தது. மேலே பூ, அதன்மேல் தெளித்த தீர்த்தம், சாம்பிராணிப் புகை, குங்குமத் தூள். பூசை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது என்பது முறை. தொடவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அவை அப்படியே ஊறின.

மறுநாள் விஜயதசமி. எல்லா மிஷினையும் நல்ல நேரத்தில் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். காலை பத்தரை மணிக்கு ஃபோர்மேன் கையைக் கொடி காட்டுகிற மாதிரி உயர்த்தி இறக்கினார். பிரஸ், சீமிங் மிஷின், கம்ப்ரசர், பெயிண்ட் அடுப்பு எல்லாம் ஒரே விநாடியில் உயிர்பெற்றன. வேறு எந்த நாளிலும் அப்படி நடக்காது, ஒவ்வொன்றாகத்தான் போடுவார்கள். கண்ணாடி அறையில் நானும் அதே நல்ல நேரத்துக்குக் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தேன். விளக்கு மங்கியது, அணைந்தது, பிறகு கண் கூசும்படி எரிந்தது. மிஷினுக்குள்ளே கரும்புச் சக்கை அரைபடுவது போல ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. குவார்ட்டர்சில் மேனேஜரின் ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தேன்.

டிஸ்க் போய்விட்டது. நான் பதறவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள் நகல் எடுத்தோம் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார்கள். இன்ஜினியர் புது டிஸ்க்கோடு நாலு நாளில் வருவதாகச் சொன்னார். அந்த நாலு நாளும் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. மிஷினோடு வந்த தனிப் பிளாப்பி ஒன்றைப் போட்டு மிஷினை எழுப்பலாம் என்று கையேட்டில் படித்திருந்தேன். எழுப்பினேன். நகல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க முதல் பிளாப்பியைத் துடைத்துவிட்டு உள்ளே தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம், படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. சரி, இது கெட்டுவிட்டது போலிருக்கிறது, அடுத்தது. அதுவும் கரகர. அதற்கடுத்தது. ஒரு செட் முடிந்ததும் இரண்டாவது செட். பிறகு என் வேட்டிக்கு அடியில் இருந்த செட். பன்னிரண்டையும் வரிசை தவறாமல், பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இன்ஜினியர் வந்து டிரைவைக் கழற்றினார். படிக்கும் முனையில் காய்ந்த மஞ்சள் பொருக்கு. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. சந்தனம் உள்ள போனது ரெண்டோ மூணோதான். மிச்சத்தையெல்லாம் இதுல போட்டுப் போட்டு நீங்கதான் கீறிட்டீங்க."

முதல் பிளாப்பியிலிருந்த சந்தனம் முனையில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வந்த நல்ல பிளாப்பிகளையெல்லாம் உரசிக் கிழித்திருக்கிறது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் ஒன்பது பிளாப்பியாவது பிழைத்திருக்கும்.

மேனேஜர் முதலில் கத்தினார். ஒரு மணி நேரம் கத்தினார். நடுவில் சட்டென்று நிறுத்தி, அப்படியானால் யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பதற்கு எதுவுமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். சீட்டுகள்? கிழித்தாயிற்று, உங்கள் உத்தரவுப்படி. அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்ததை நான் நேரில் பார்த்தேன். பல் வலி நின்றவனின் முகம் அப்படித்தான் இருக்கும். அன்று சாயங்காலம் எனக்கு டீ வரவழைத்தார். அந்த டீயை நான் குடித்தேன்.

இருநூற்று நாற்பதைத் தாண்டியவர்கள் மொத்தம் ஏழு பேர். அத்தனை பேருக்கும் பிரேக். ஆறு பேர் பதினைந்து நாள் கழித்து வந்து புது நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பேக்கிங் பகுதிப் பெண் மட்டும் புதுச்சேரிக்குப் போய் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்துவிட்டார்.

முதல் நாள் விசாரணையில் அவர் அந்தக் கோயில் காலண்டரைக் கொண்டுவந்திருந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தேதியிலும் கண்மையால் ஒரு கோடு. ஞாயிறுகளிலும் பண்டிகைகளிலும் கோடு இல்லை. ஆபீசர் இரண்டு தாளைப் புரட்டினார். இது நீங்களே போட்டது, கம்பெனி ரெக்கார்டு வேண்டும் என்றார். இங்கே எனக்குச் சரித்திரம் படித்த எரிச்சல். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் ஒரு பிறப்பைப் பதிந்தால் இரண்டு புத்தகத்தில் எழுதி, ஒன்றை அங்கேயும் மற்றதைக் கோர்ட்டிலும் வைப்பார்கள். அந்தப் பெண்ணின் தாத்தா எத்தனை மணிக்குப் பிறந்தார் என்று இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். பேத்தி போன புதன்கிழமை வேலைக்கு வந்தாரா என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அந்தப் புத்தகங்களுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை போலும்.

ஆபீசர் என் பக்கம் திரும்பி, மிஷினில் இந்தம்மாவின் நாட்களைப் பார்த்த ஞாபகம் உண்டா என்று கேட்டார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிறைய பேர், நிறைய எண், சரியாக நினைவில்லை என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எல்லாம் என் சொந்த முயற்சி.

விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். அன்று திரும்பும் வழியில் வில்லியனூரில் பஸ் மாறக் காத்திருந்தபோது அந்தப் பெண்ணும் அங்கே நின்றிருந்தார். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் கிட்டே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மிஷினுக்கு நாபகம் பூட்ச்சி. சரி, அது தகரம். உனுக்கு இன்னா சார் ஆச்சு?"

பதில் சொல்வதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ் வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் நான் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது.

இரண்டாவது விசாரணையில் சொன்னேன். இருநூற்று நாற்பத்து மூன்று, என் கண்ணால் பார்த்தேன், அவரிடமே வாயால் சொன்னேன், காகிதம் கேட்டார், நான்தான் தரவில்லை. இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்திருந்ததால் தடுமாறாமல் வந்தது. போன முறை நினைவில்லை என்றீர்களே என்றார் ஆபீசர். அதற்கு என்னிடம் ஒத்திகை இல்லை. மேனேஜர் கோபப்படக்கூட இல்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு புன்னகையோடு சொன்னார்.

"இவர்தான் சார் பிளாப்பிக்குச் சந்தனம் பூசினவர். பன்னெண்டையும் ஒண்ணு விடாம நாசம் பண்ணினவர். இவர் ஞாபகத்தையா நீங்க ரெக்கார்டா எடுத்துக்கப் போறீங்க?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலை உயர்த்தி மறைத்துக்கொண்டார். அவரிடம் வேலை செய்த டைப்பிஸ்ட் மறைக்காமலேயே சிரித்தார். நான் அந்த அறையில் முதல்முறையாக உண்மை பேசியிருந்தேன். அதற்கு அவ்வளவுதான் விலை. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. காலண்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்.

கடைசியில் சமரசம் என்று ஒன்று எழுதினார்கள். கம்பெனி பெரிய மனசு பண்ணி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், புதிய ஆளாக. ரெக்கார்டு இல்லாமல் போனது இயற்கையான கோளாறு, யார் தவறும் அல்ல என்றும் ஒரு வரி. கணவரின் இடுப்பு எந்தச் சமரசத்துக்கும் காத்திராது. அந்தப் பெண் கைநாட்டு வைக்கவில்லை, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

புது டிஸ்க்கோடு புது புரோகிராமும் வந்தது. மேனேஜர் சொல்லிச் செய்யவைத்த ஒரு வசதி அதில் இருந்தது: இருநூற்று முப்பதைத் தொட்ட பெயருக்குப் பக்கத்தில் தானாக ஒரு நட்சத்திரம் விழும். குவார்ட்டர்சிலிருந்து ஸ்டெபிலைசர் திரும்பி வந்தது. மூன்று செட்டில் ஒன்றை இரும்புப் பெட்டியில் வைத்தோம், ஒன்று மேனேஜர் அறையில், ஒன்று என் வீட்டில். அடுத்த ஆயுத பூசைக்குக் கண்ணாடி அறையை நானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஃபோர்மேன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பூசைக்குப் பிந்தைய வாரத்துப் பட்டியலில் பேக்கிங் பகுதிப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுந்திருந்தது. அழித்திருக்கலாம். எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நகலிலும் அழிக்க வேண்டும், அதில் ஒன்று மேனேஜர் அறையில். அப்படி நானே போட்ட ஏற்பாடு. பட்டியலைத் துளை வரிசையில் கிழித்து மேனேஜர் மேசைமேல் வைத்தேன். மறுநாள் அந்தப் பெண்ணுக்கும் நட்சத்திரம் விழுந்த இன்னும் சிலருக்கும் பிரேக். பதினைந்து நாள் கழித்து மற்றவர்கள் வந்தார்கள். அவர் வரவில்லை.

நான் அங்கே மேலும் நாலு வருஷம் இருந்தேன். விலகியபோது, என் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரே ஒரு இயற்கையான கோளாறைத் தவிர ஒரு நாள் வருகைகூடத் தொலைந்ததில்லை என்று மேனேஜர் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.